சிவப்புப் புல்தரை

அத்தியாயம் 9

வந்த பெண்மணியின் முகத்தைத் தங்கபுஷ்பம் கடைசியாகத்தான் பார்த்தாள். முதலில் பார்த்தது செருப்பை.

பழக்கதோஷம். தி. நகரில் அப்பாவின் ஜவுளிக்கடைக் கல்லாவில் இருபது வருஷம் உட்கார்ந்தவள் அவள். வாங்க வந்தவளா, வெயிலுக்கு ஒதுங்கி விலை கேட்க வந்தவளா என்பதை வாசலில் கழற்றிவிட்ட செருப்பே சொல்லிவிடும். கடை அண்ணன்கள் கைக்குப் போனதும், அதே தெருவில் ஒரு மாடி அறை பிடித்து, மேசை ஒன்று, நாற்காலி இரண்டு போட்டு, 'புஷ்பம் துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிவிட்டாள். சரக்குதான் மாறியது. படியேறி வருகிற ஜனம் மாறவில்லை.

இந்தம்மாவின் செருப்பு ஜோடி சேரவில்லை. வார் ஒரே மாதிரி, ஆனால் இடது கால் காப்பிக்கொட்டை நிறம், வலது கால் மெரூன். கலங்கிப்போய்க் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள் என்று தங்கபுஷ்பம் மனசுக்குள் ரசீது போட்டுக்கொண்டாள்.

அந்த ரசீது தப்பு. அது தெரிய அன்று சாயங்காலம் ஆனது.

"என் பேர் மர்சலின். டீச்சரா இருந்தேன்" என்று சொல்லி, மேசை விளிம்பை ஒருமுறை தடவிப் பார்த்துக் கைப்பையை வைத்தாள். "வீட்டுக்காரர் பிலிப், டிராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். லஸ் பக்கத்துல வீடு. மொட்டை மாடி ரூம்ல இருபது வருஷமா ஒரு பொம்மை ரயில் கட்டிட்டிருந்தார். மலை, பாலம், வயல், ஸ்டேஷன், எல்லாம் வச்சு. போன மாசம் மேல போனா ரூம் காலி. மொத்தத்தையும் பிரிச்சு எடுத்துட்டுப் போயிட்டார்."

"கேட்டீங்களா?"

"அலுத்துப்போச்சுன்னார். அலுத்துப்போன மனுஷன் தினம் பத்து மணிக்குக் கிளம்பி அஞ்சு மணிக்கு வர்றார். கையில பசை வாசனை. வேற எங்கயோ கட்டறார். பொம்மை ரயில் யாருக்குக் கட்டுவாங்க? சின்னப் பிள்ளைக்கு. எங்களுக்கு லிசா ஒரே பொண்ணு, அடையார்ல இருக்கா. பேரப்பிள்ளை கிடையாது. அப்போ இது யாரோட பிள்ளை?"

கதவில் சாய்ந்து நின்ற மகேஷுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அசோக் நகர் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டியவன், வயது நாற்பத்திரண்டு. இந்த நிலையத்தின் வண்டி, உதவியாளர், கேட்காமல் வரும் அபிப்பிராயம் மூன்றும் அவன்தான்.

"இந்த வயசுல சின்ன வீடா? எனக்குப் பெரிய வீட்டுக்கே பதில் சொல்லி முடில."

தங்கபுஷ்பம் முறைத்த முறைப்பில் அவன் சுவரோடு சுவரானான்.

மர்சலின் கோபிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை தூத்துக்குடிக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். அக்கா வீடு. திரும்பி வர டிக்கெட் எடுக்கல. லிசா வீட்டுல மருமகன் முன்னாடி உக்காந்து அழ என்னால முடியாது. இன்னிக்கு வெள்ளி. முப்பத்தேழு வருஷத்தை விட்டுட்டுப் போறதுக்கு முன்னாடி அந்தக் கதவை ஒரு தடவை நானே தட்டணும். எங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

கைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினாள். "அவர் சட்டையைத் துவைக்கும்போது கையில தட்டுப்பட்டது."

உள்ளே மூன்று துண்டுகள். நகமளவு சிவப்பு வெல்வெட், ஒரு கிழிசல் உப்புத்தாள், கொஞ்சம் தேங்காய் நார்.

"கேஸ் முடிஞ்சுதுக்கா" என்றான் மகேஷ், அவள் படியிறங்கிப் போனதும். "வெல்வெட்டு அந்தம்மாவுக்கு. உப்புத்தாளு பாத்திரம் தேய்க்க."

"நாரு?"

"அது நம்ம மண்டைல கீது."

மயிலாப்பூர் குளத்தங்கரையில் கணேசமூர்த்தியின் கடை. கொலுவில் பூங்கா கட்டுகிறவர்களுக்கு வேண்டிய கலர் மரத்தூள், காகித மரம், இரண்டங்குல பெஞ்சு, குளத்துக்குக் கண்ணாடித் துண்டு எல்லாம் அங்கேதான். சின்ன அளவில் ஒரு உலகத்தைக் கட்ட நினைக்கிற எவரும் அந்தப் பக்கத்தில் அவரைத் தாண்டிப் போக முடியாது. கொலு முடிந்து ஐப்பசி மழையும் தொடங்கிவிட்டதால் மனிதர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பிலிப் சாரா? பச்சையிலயே அஞ்சு தினுசு மரத்தூள் கேப்பார். நாத்துக்கு ஒண்ணு, கதிர் விட்டதுக்கு ஒண்ணு, மலையடிவாரத்துக்கு ஒண்ணுன்னு. ரெண்டு பச்சையும் ஒண்ணுதான் சார்னு ஒருதரம் வாய்தவறிச் சொல்லிட்டேன். ஒரு மாசம் கடைப் பக்கம் வரல."

"இப்போ?"

"போன மாசம் அத்தனை மரத்தூளையும் மூட்டை கட்டிக் கொண்டாந்து, நீங்களே வித்துக்கோங்கன்னு வச்சுட்டார். நைஸ்லேர்ந்து சொரசொரப்பு வரைக்கும் நாலு நம்பர்ல உப்புத்தாள் கேட்டார். ரோட்டுக்கான்னேன். ஆமான்னார். மேல அடிக்கக் கறுப்புப் பெயிண்ட் தரட்டுமான்னேன். வேண்டாமாம். தெர்மாகோல்? அழுத்தினா பள்ளம் விழுமாம். குளத்துக்குக் கண்ணாடி? ஓரம் கையை வெட்டுமாம்." கணேசமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "எல்லாத்தையும்விட ஒண்ணு சொல்றேன். பேரமே பேசல. கேட்ட விலையைக் குடுத்துட்டுப் போயிட்டார். எனக்கு அன்னிக்குச் சாப்பாடே இறங்கல."

வெளியே வந்ததும் மகேஷ் விரலை மடக்கினான். "கை வெட்டக் கூடாது, அழுத்தினா உடையக் கூடாது. சின்னப் பையன்தான்க்கா. கன்ஃபர்ம்."

"சின்னப் பையனுக்குக் கட்டற ரயிலுக்குக் கலர் வேணாமாடா?"

மகேஷ் ஆட்டோவைக் கிளப்பினான்.

வெல்வெட் துண்டை விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினதுமே அது எந்தக் கடைச் சரக்கு என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்துவிட்டது. ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால், துண்டுத்துணி விற்கும் குறுகல் கடை. அங்கே நின்ற ரூஹி என்ற பெண் கேள்வி முடிவதற்குள் பதிலை ஆரம்பித்தாள்.

"அந்தத் தாத்தாவா? முதல்ல பயந்தே போயிட்டேன் மேடம். கண்ணை இறுக்க மூடிக்கிட்டு ஒவ்வொரு துணியா தடவறார். யார்றா இந்தக் கிழவர்னு சூப்பர்வைசரைக் கூப்பிடப் பாத்தேன். அப்புறம்தான் கவனிச்சேன். என் பக்கமே திரும்பல. துணி மேலதான் உசுரு."

"சிவப்பைத்தான் கேட்டாரா?"

"வெல்வெட்டுதான் கேட்டார். பச்சை தீந்துபோச்சு, நாளைக்கு வரும்னேன். இதே போதும்மான்னார். எதுக்கு தாத்தான்னு கேட்டேன். புல்லுக்காம். புல்லு சிவப்பாவான்னு நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சார்." ரூஹி துணி மடிப்பதை நிறுத்தினாள். "பாதியிலயே அந்தச் சிரிப்பு நின்னுபோச்சு மேடம்."

பச்சைக்கும் பச்சைக்கும் ஒரு மாசம் கோபித்துக்கொண்டவர் சிவப்புப் புல்லை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். தங்கபுஷ்பம் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜனம் இடித்துக்கொண்டு போனது.

"மகேசு, அந்த ரயிலைப் பாக்கப்போற ஆளுக்குக் கண்ணு தெரியாது."

மகேஷ் கையிலிருந்த ஆட்டோ சாவியை உருட்டினான். "இன்னாக்கா இது. அந்தாளை நாலு வார்த்தை கேக்கலாம்னு தொண்டையை ரெடி பண்ணி வச்சிருந்தேன். கண்ணு தெரியாத கொயந்தைன்னா எப்டி கேக்கறது?"

மேசை இல்லாமல் ரயில் ஓடாது. அந்த மாதிரி வேலைக்குப் பிளைவுட் கடைக்காரர் எல்லோரும் கைகாட்டுவது ஒரே ஆளை. தேனாம்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் அமீன் பாய். மரத்தூளைத் தோளிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார்.

"பிலிப் சாருக்கு நான்தான் செஞ்சேன். இடம் மாத்திக் கொண்டு போறதுன்னா லேசான பலகை போடறேன்னேன். வேணாம் பாய், கனமா போடு, ஒரு ஆளு முழுசா சாஞ்சாலும் ஆடக்கூடாதுன்னார். மூலை நாலையும் உருட்டிட்டேன். அகலம் எவ்வளவு சார்னு கேட்டா அளவு சொல்லல, ஒரு நூலை நீட்டினார். இதுக்கு மேல ஒரு அங்குலம் போனாலும் கை எட்டாதாம்."

"நூல் இருக்கா?"

ஆணியில் தொங்கியது. இரண்டு முனையிலும் முடிச்சு. அமீன் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "ஒரு விஷயத்துலதான் என் பேச்சைக் கேக்கல" என்றார். "மழை நாளு. மெதுவா காயற பசைதான் நிக்கும், பத்து நாள் விடுங்கன்னேன். அவ்ளோ நாள் இல்ல பாய், சட்டுனு பிடிக்கறது குடுன்னுட்டார். மேசையை அபிராமபுரத்துல இறக்கினேன். ஒரு கார் ஷெட்டு. அட்ரஸ் இந்தா."

மகேஷ் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினான். தங்கபுஷ்பம் நூலின் ஒரு முடிச்சைத் தன் தோளில் வைத்து, கையை நீட்டி, மறுமுனையை விரல்நுனிக்குக் கொண்டுபோனாள். இருபது வருஷம் சட்டைக் கை அளவும் ரவிக்கைக் கை அளவும் பார்த்த கண். நூல் கொஞ்சம்தான் குறைந்தது. சின்னப் பிள்ளையின் கையில்லை இது. ஐந்தடி உயரம், ஒல்லி உடம்பு, ரவிக்கை முப்பத்திநாலு. இன்று காலை எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடம்பு.

ஜோடி சேராத செருப்பு. மேசை விளிம்பைத் தடவிய கை. துணியில் கண்ணுக்குத் தெரியாமல் கையில் தட்டுப்பட்ட துண்டுகள்.

தங்கபுஷ்பம் அங்கே கிடந்த பலகை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாக்கா, மூஞ்சி சுண்டிப்போச்சு?" மகேஷ் திரும்பி வந்திருந்தான்.

"காலைல போட்ட ரசீது தப்புடா. கலங்கி ஓடி வந்ததுனால செருப்பு மாறல. அந்தம்மாவுக்கு நிறம் தெரியல."

அவனுக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. புரிந்ததும் கையிலிருந்த போனைப் பார்த்தான். "டீச்சருக்கு அட்ரஸ் சொல்லிட்டேனேக்கா. கிளம்பிட்டாங்க."

அபிராமபுரம் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. தெருமுனையில் குடையை மடித்துப் பிடித்தபடி மர்சலின் நின்றிருந்தாள். மகேஷ் மூன்றடி தள்ளி ஓரமாக நின்று கையைத் தூக்கி ஆட்டினான். அவள் தலை திரும்பவில்லை. "டீச்சர்" என்று அவன் வாய் திறந்ததும்தான், குரல் வந்த பக்கம் திரும்பிப் புன்னகைத்தாள்.

தங்கபுஷ்பம் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு நாளா டீச்சர்?"

"எது?"

"கண்ணு."

தெருவில் ஒரு தண்ணி லாரி இரைச்சலோடு கடந்து போனது.

"ஒண்ணரை வருஷம். ஓரத்துலேர்ந்து மூடிட்டே வருது. இப்போ ஒரு குழாய் வழியா பாக்கற மாதிரி. நிறமும் சரியாப் பிடிபடல. ஒருநாள் அதுவும் அடைச்சிரும்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்டுல யாருக்கும் சொல்லல."

"சாருக்கும் தெரியாதா?"

"தெரியாதுன்னுதான் இருந்தேன். அவர் மாடியைக் காலி பண்ணின அன்னிக்குத்தான் வேற மாதிரி தோணிச்சு. தெரிஞ்சுபோச்சு, அதான் வேற இடம் பாத்துட்டார்னு." குடையின் கைப்பிடியைத் திருகினாள். "குருட்டுப் பொண்டாட்டியை எத்தனை நாள் கைப்பிடிச்சு நடத்துவார், பாவம்."

காலையில் இதைச் சொல்லியிருந்தால் மூன்று கடை ஏறியிருக்க வேண்டாம். ஆனால் துப்பறியச் சொல்லி வருகிறவர்கள் எப்போதும் கடைசிப் பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொள்கிறார்கள். தங்கபுஷ்பம் அவளைக் கார் ஷெட் வாசலுக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, கையை விட்டாள். "தட்டுங்க டீச்சர்."

கதவு சும்மா சாத்தியிருந்தது. தட்டின தட்டில் திறந்துகொண்டது.

உள்ளே ஒரு மெலிந்த மனிதர் மேசை மேல் குனிந்திருந்தார். கண்ணை ஒரு துண்டால் இறுக்கக் கட்டியிருந்தார். சட்டை அவருக்கு அல்ல, அவருடைய அண்ணனுக்குத் தைத்தது போலத் தொங்கியது. விரல்கள் மட்டும் மேசையில் எதையோ தேடித் தேடி நகர்ந்தன.

"அமீனா? ஓரத்துல ஒரு சிலாம்பு நீட்டிட்டிருக்கு பாய். கையில ஏறிச்சுன்னா..."

"நான்தான்" என்றாள் மர்சலின். "யார் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டறீங்க?"

பிலிப் துண்டை அவிழ்த்தார். வந்து அவள் கையைப் பிடித்து, மேசையின் ஓரத்தில் வைத்தார். இழுத்துக்கொள்வாள் என்று தங்கபுஷ்பம் நினைத்தாள். இழுக்கவில்லை.

விரல் நகர்ந்தது. நார். "நம்ம வீட்டு வேலி" என்றாள் மர்சலின், யாரிடமோ சொல்வதுபோல. நைசான உப்புத்தாள், நடைபாதை. அதையொட்டிச் சொரசொரப்பானது, பெரிய ரோடு. அப்புறம் வெல்வெட். உள்ளங்கை அதில் கொஞ்சநேரம் தங்கியது. "பார்க்கு." கோயில் வாசல் படி. அங்கிருந்து பறக்கும் ரயில் ஸ்டேஷன், மாடிப்படி, பிளாட்பாரம். பிலிப் ஒரு பொத்தானை அழுத்தினார். தண்டவாளத்தின் மேல் வைத்த அவள் விரலுக்கு அடியில் அதிர்வு ஓடியது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு மெல்லிய தட்டல். மந்தைவெளி. கிரீன்வேஸ் ரோடு. அவள் உதடு எண்ணியது. ஐந்தாவது தட்டலில் ரயில் நின்றது. இந்திரா நகர். அங்கிருந்து திரும்பி நாலு விரல் தூரத்தில் ஒரு சின்னக் கேட், கொக்கி போட்டு.

"லிசா வீடு" என்றாள்.

இருபது வருஷ மலையையும் பாலத்தையும் உடைத்து எடுத்த மரமும் கம்பியும்தான் அந்த மேசை முழுக்க. நிறம் என்ற ஒன்று அதில் எங்குமே ஒழுங்காக இல்லை. கண்ணால் பார்த்தால் குப்பை மாதிரி இருந்தது.

"என் கண்ணு விஷயம் எப்போ தெரியும்?"

"மாதா திருநாள் பூசையில. நீ பைபிள் வாசகம் வாசிச்ச. ரெண்டு பக்க வாசகம். நீ பக்கமே திருப்பல."

"அக்கா போன்ல வாசிச்சுக் காட்டினா. மனப்பாடம் பண்ணினேன்." அவர் பக்கம் திரும்பி, "கேட்டிருக்கலாமே" என்றாள்.

"நீ சொல்லியிருக்கலாம்."

இரண்டு பேருமே அதற்கு மேல் அந்தக் கணக்கைத் தொடவில்லை. மகேஷ் வாசலில் மூக்கை உறிஞ்சினான். பசை வாசனை என்று அவனாகவே முணுமுணுத்துக்கொண்டான்.

மர்சலினின் விரல் மறுபடி வீட்டு வேலிக்கு வந்து, அங்கே நின்ற ஒரு சின்ன மரப்பொம்மையில் பட்டது. மேசை முழுக்க இருந்த ஒரே மனுஷ உருவம்.

"இது நானா?"

"நீதான்."

அவள் இரண்டு கையாலும் தேடினாள். வீட்டுக்குள், ரோட்டில், பார்க்கில், பிளாட்பாரம் முழுக்க. அவசரமில்லாமல், ஒரு இடம் விடாமல். "நீங்க எங்க நிக்கறீங்க இதுல?"

தங்கபுஷ்பம் அந்தத் தொங்கும் சட்டையைப் பார்த்தாள். அவ்ளோ நாள் இல்ல பாய் என்று அவர் அமீனிடம் சொன்னது பசைக்காக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"கணையத்துல கட்டி, மர்சி" என்றார் பிலிப். "ரொம்பத் தாமதமாத்தான் பாத்தாங்க. மார்ச் தாண்டாதுன்னு சொல்லிட்டாங்க. அதுக்குள்ள நீ தனியாவே லிசா வீடு வரைக்கும் போய்ப் பழகிட்டேன்னா எனக்கு..."

மர்சலின் அழவில்லை. விரல்களை மறுபடி ரோட்டில் வைத்து, மெதுவாக நகர்த்தி, ஒரு இடத்தில் நிறுத்தினாள். ரோட்டின் பாதியை மறைத்து ஒரு தகரப் பட்டை ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"ரோடு தோண்டறாங்கல்ல. தடுப்பு."

"இங்க இல்ல அது இப்போ. போன வாரம் பேங்க் வாசல் வரைக்கும் தள்ளிட்டாங்க. தப்பா கட்டியிருக்கீங்க."

"பிரிச்சா கீழ உப்புத்தாளும் சேந்து கிழியும். அடியிலேர்ந்து மறுபடி போடணும்."

"போடுங்க."

"அடுத்த மாசம் இன்னும் தள்ளுவாங்க, மர்சி."

"அடுத்த மாசமும் போடுங்க. அதுக்கு அடுத்த மாசமும். அவங்க நகத்தற போதெல்லாம் நீங்களும் நகத்தணும். இல்லன்னா நான் போய்த் தகரத்துல முட்டிக்குவேன்."

எத்தனையோ பேரம் கேட்டு வளர்ந்தவள் தங்கபுஷ்பம். கடன்காரன் பேரம், கல்யாணப் பேரம், சாவு வீட்டுக் கோடித்துணிக்குக்கூடப் பேரம். இப்படி ஒரு சரக்குக்கு, இவ்வளவு நிதானமான குரலில், எதிரே விற்கிறவனே இல்லாமல் ஒரு பொம்பளை பேரம் பேசி அவள் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டாக்டர் மார்ச்சுன்னு..." என்று ஆரம்பித்தார் பிலிப்.

"சொன்ன தேதிக்கு எவன் எதை முடிச்சிருக்கான் இந்த ஊர்ல?"

பிலிப் கத்தியை எடுத்து, தகரத்தின் ஓரத்தை மெல்லக் கிளப்ப ஆரம்பித்தார்.